குத்துக்கு ஒரு சிலந்தி

நவம்பர் 14

நசீமா மேடம் இன்று இரண்டு நோட்டு கொடுத்தார். கட்டம் போட்டது எண்ணிக்கைக்கு. கோடு போட்டது எனக்கு. "மழை, காத்து, வயல்ல என்ன பாத்தீங்க, மனசுல என்ன தோணுச்சு, எதுவா இருந்தாலும் எழுதுங்க. வெறும் நம்பரை வச்சுக்கிட்டு எனக்குப் பாதிதான் புரியும்" என்றார். வேளாண்மைக் கல்லூரியிலிருந்து வந்து, கோரையாற்றங்கரையில் இரண்டு ஏக்கரை ஆராய்ச்சி வயலாக எடுத்து நடத்துகிறவர்.

என் பெயர் கோவிந்தராசு. வயது நாற்பத்தாறு. பத்தாவது வரை படித்தேன். இருபத்தொரு வருடம் கூலிக்கு மருந்தடித்தேன். இந்தப் பக்கத்தில் நான் முதுகில் மருந்து டேங்கைச் சுமந்து இறங்காத வயல் இல்லை. இப்போது இரண்டு கையும் நடுங்குகிறது. மருந்து வாடையே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் இந்த வேலை. நெல் வயலில் சிலந்தி எண்ணுவது.

கஸ்தூரியிடம் சொன்னேன். என் மனைவி. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள், "கொன்னதையெல்லாம் இப்ப எண்ணச் சொல்றாங்களாக்கும்" என்றாள். சிரிக்கவில்லை.

நவம்பர் 15

நாற்று நட்ட ஒவ்வொரு இடமும் பல தண்டாகத் தூர் கட்டிப் புதராக நிற்கிறதே, அது ஒரு குத்து; அதில் ஒவ்வொரு தண்டும் ஒரு தூர். மூலைக்கு மூலை நடந்து இருபது குத்து பார்க்க வேண்டும். குனிந்து, குத்தை மெல்லச் சாய்த்து, அடியில் எத்தனை பூச்சி, எத்தனை சிலந்தி என்று பார்த்து எழுத வேண்டும். என் கை பட்டதுமே சிலந்திகள் தண்ணீர் மேலேயே ஓடிவிடுகின்றன. நடுக்கம்தான் காரணம். இன்று எண்ண முடிந்தது ஏழு. மேடம் என் பின்னாலேயே வந்து எண்ணினார். இருபத்திரண்டு.

நவம்பர் 17

கையை வைக்காமல் ஒரு குச்சியால் சாய்த்துப் பார்த்தேன். பரவாயில்லை. பத்தொன்பது.

இரண்டு ரகம் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஒன்று இலை நுனிகளுக்கு நடுவே வலை பின்னி, குச்சி மாதிரி காலை நீட்டிப் படுத்திருக்கும். இன்னொன்று வலையே பின்னாது. தண்ணீர் மட்டத்தில் ஓடி ஓடிப் பிடிக்கும். மேடம் அதை ஓநாய்ச் சிலந்தி என்கிறார். ஒன்று தன் முட்டைப் பையைப் பின்னால் ஒட்டிக்கொண்டே வேட்டையாடியது. நான் பார்க்கும்போதே புகையான் பூச்சி ஒன்றைப் பிடித்தது. நெல்லின் அடித்தூரில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சி, பயிரை நெருப்பு வைத்த மாதிரி தீய்த்துவிடும் பூச்சி அது. ஒரு சிலந்தி ஒரு நாளைக்கு ஐந்திலிருந்து பதினைந்து வரை தின்னுமாம்.

"மருந்தடிச்சா புகையானும் சாவும், சிலந்தியும் சாவும்" என்றார் மேடம். "ஆனா புகையானோட முட்டை தூருக்குள்ள பத்திரமா இருக்கும். பத்து நாள்ல அது பொரிச்சு வரும். அப்ப தின்ன ஆள் இருக்காது. அதுக்காகத் திருப்பி மருந்தடிப்பாங்க."

அந்தத் திரும்ப அடிக்கிற வேலைக்குத்தான் இருபத்தொரு வருடம் என்னைக் கூப்பிட்டார்கள். நான் அதை மருந்தின் குறை என்று நினைத்திருந்தேன். பாட்டில் மாற்றச் சொல்வேன்.

நவம்பர் 18

விடாத மழை. எண்ணவில்லை. மாட்டுக் கொட்டகையில் ஒழுகிய இடத்தில் தார்ப்பாய் கட்டினேன்.

நவம்பர் 19, ஞாயிறு

நாகமுத்துவுக்கு இன்று வருஷத் திதி. என் தங்கை இந்திராணியின் வீட்டுக்காரர். எனக்கு மாப்பிள்ளை. பதினாறு வருடம் என்னோடு சேர்ந்து மருந்தடித்தவர். கஸ்தூரி காலையிலேயே போய்விட்டாள். "நீங்க வரலயா?" என்று கேட்டாள். வயலில் எண்ண வேண்டும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கை கிடையாது. இருந்தும் போனேன். இருபது குத்துக்குப் பதில் அறுபது குத்து பார்த்தேன். சிலந்தி அறுபத்தெட்டு.

கஸ்தூரி சாயங்காலம் வந்து சொன்னாள்: "உங்க தங்கச்சி ஒண்ணும் கேக்கல. பிருந்தாதான், மாமா ஏன் வரலன்னு கேட்டா." பிருந்தா அவர்களுடைய ஒரே பெண். பதினெட்டு வயது. பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். பதினோராம் நாளுக்குப் பிறகு நான் அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

நவம்பர் 23

மேடம் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து மருந்தடிக்கிறவர்கள் பதினான்கு பேரை வரவழைத்து வகுப்பு எடுத்தார். மருந்து குடித்தவர்களுக்கு மட்டும்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள், தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும் என்றார். முதுகில் ஒழுகினால் உடனே சட்டையைக் கழற்ற வேண்டும். சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். ஆஸ்பத்திரியில் என்ன மருந்து, எப்படிப் பட்டது என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். "சொன்னாத்தான் எங்க கழுவணும்னு அவங்களுக்குத் தெரியும்."

மதியம் எலுமிச்சை சாதமும் முட்டையும் கொடுத்தார்கள். நான் சாப்பிடவில்லை.

ஊரில் எல்லோரும் நாகமுத்து மருந்தைக் குடித்துச் செத்தார் என்கிறார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. அன்றைக்கு அவர் முதுகில் இருந்த டேங்க் ஒழுகியது. அது யாருடைய டேங்க் என்று இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

நவம்பர் 24

இருபது குத்தில் இருபத்து மூன்று சிலந்தி. வெயில்.

நவம்பர் 28

வயலில் குனிந்திருந்தேன். வரப்பில் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. இந்திராணி. ஒரு வருடத்தில் பாதி நரைத்துவிட்டாள்.

"எங்க வயல்ல புகையான் விழுந்துருக்கு" என்றாள்.

"எவ்ளோ நாளா?"

"நாலு நாளாப் பாக்குறேன். சுத்தி எல்லாரும் அடிச்சிட்டாங்க. நான்தான் அடிக்கல. அவரு போனதுலேருந்து அந்த மருந்து பாட்டில என் வீட்டு வாசல்ல நான் ஏத்தல. இப்ப வேற வழி தெரியல. என்ன மருந்துன்னு சொல்லு. ஆள் பாத்துக் குடு. நீ வரவேணாம்."

அவளுக்கு இருப்பது மூன்று மா நிலம், ஒரு ஏக்கர். வீட்டுச் சாப்பாடும் பிருந்தாவும் அதில்தான். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அவள் பின்னால் நடந்தேன்.

இருபது குத்து பார்த்தேன். தூருக்கு ஒன்றரைப் பூச்சி இருக்கும். முன்பாக இருந்தால், யார் வயலில் பார்த்திருந்தாலும் உடனே அடி என்று சொல்லியிருப்பேன். ஆனால் சிலந்தி முப்பத்தொன்று இருந்தது. ஆராய்ச்சி வயலில்கூட இவ்வளவு இல்லை. ஒரு வருடமாக மருந்து படாத மண்.

குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம் என்பது மேடம் சொன்ன கணக்கு. அதை அவளிடம் சொன்னேன்.

"அடிக்க வேணாம் இந்திராணி. தண்ணிய வடிச்சு விடு. எட்டடிக்கு ஒரு பட்டம் பிரிச்சு விடுவோம், வெயிலும் காத்தும் அடித்தூருக்குப் போவும். உரம் வேணாம். ஒரு வாரம் பாப்போம்."

"வெளஞ்சா சரி. தீஞ்சு போச்சுன்னா?"

அவள் வடிகால் மடையைத் திறக்கப் போனாள்.

நவம்பர் 30

பிருந்தாவும் வந்தாள். பட்டம் பிரிப்பது என்றால் பயிரை இரண்டு பக்கமும் சாய்த்து நடுவில் ஒரு முழம் வழி விடுவது. அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முன்பெல்லாம் வாய் ஓயாத பெண். இன்று மூன்று மணி நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சிலந்தி எல்லாத்தையும் தின்னுடுமா மாமா?"

"எல்லாத்தையும் தின்னாது. கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்தக் கொஞ்சத்துக்குப் பயிர் தாங்கும்."

காலேஜுக்கு ஏன் எழுதிப் போடவில்லை என்று கேட்டேன். "வேணாம் மாமா" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டிசம்பர் 2

இந்திராணி வயலில் தூருக்கு இரண்டு பூச்சி. சிலந்தி முப்பத்து மூன்று. மேடத்திடம் காட்டினேன். "கட்டாயம் குறையும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது, கோவிந்தராசு. ஆனா நானா இருந்தா காத்திருப்பேன்" என்றார். சாப்பாட்டுக்கு இருக்கிற ஒரே நிலமாக இருந்தாலும் காத்திருப்பாரா என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை.

டிசம்பர் 4

வடக்கு மூலையில் ஒரு கட்டில் அகலத்துக்குப் பயிர் தீய்ந்துவிட்டது. இந்திராணி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டிசம்பர் 5

இதை எழுத இரண்டு முறை உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

காலை எட்டு மணிக்குப் போனேன். இந்திராணி வரப்பில் தனியாக இருந்தாள். பக்கத்தில் பாட்டில், வாளி, மருந்து கலக்கி ரொப்பிய டேங்க். மருந்தடிக்க எந்த ஆளும் கிடைக்கவில்லையாம், எல்லோரும் வேறு வயல்களில். அவளே அடிக்கப் போகிறாள். புடவையைத் தூக்கிச் செருகி, வாயில் துண்டைக் கட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்து டேங்கின் வாரில் இரண்டு கையையும் நுழைத்துக்கொண்டாள்.

"தூக்கி விடு" என்றாள். "அது மட்டும் செய்."

பச்சை டேங்க். மூடியில் நான் சுற்றிய சைக்கிள் ட்யூப் ரப்பர் அப்படியே இருந்தது. அன்று வயலில் கிடந்ததை, நாகமுத்துவின் சாமான் என்று யாரோ அவள் வீட்டில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

"எறக்கு. அது ஓட்டை டேங்கு" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு."

"அடியில விரிசல் இருக்கு. ரொப்பித் தூக்குனாத்தான் ஒழுவும். எறக்கு இந்திராணி."

கையை வாரிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"அது என் டேங்கு."

அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாவதற்கு முந்தின நாளே என் முதுகு எரிந்தது. விரிசலைப் பார்த்தேன். மறுநாள் காலையில் மாப்பிள்ளையிடம், உங்கள் டேங்க் கனம், இது லேசு, மாற்றிக்கொள்ளலாம் என்றேன். அவர் என்னை நம்பி மாற்றிக்கொண்டார். ஐந்து டேங்க் அடித்தார். ஐந்தாவது முடிந்ததும் கருவை மரத்தடியில் போய்ப் படுத்தார். வாயில் நுரை வந்தது. ஆஸ்பத்திரியில், குடிச்சாரா என்று கேட்டார்கள். கூட வந்தவர்களில் ஒருவர், குடிச்சிருப்பான் போல என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். டேங்க் ஒழுகியது என்று சொன்னால் யார் டேங்க் என்று கேட்பார்கள். வாயைத் திறக்கவில்லை. அவருடைய வயிற்றைக் கழுவினார்கள். முதுகை யாரும் கழுவவில்லை.

இந்திராணி எழுந்து நின்றாள்.

"ஒழுவுதுன்னு தெரிஞ்சேதான் குடுத்தியா?"

"தெரிஞ்சுதான். சாவுவாருன்னு தெரியாது. முதுகு எரியும்னு தெரியும்."

வாயில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு திரும்பி வரப்போடு நடந்து போய்விட்டாள். டேங்கும் பாட்டிலும் அங்கேயே கிடந்தன. மேடத்துக்குப் போன் செய்தேன். அவர் கையுறை போட்ட ஆள் ஒருவரோடு வந்து எடுத்துப் போனார். என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன்.

டிசம்பர் 6

கஸ்தூரியிடம் சொன்னேன். சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

டிசம்பர் 9

இந்திராணியின் வயலுக்குப் போக எனக்கு உரிமை இல்லை. ரோட்டில் நின்று பார்த்தேன். தீய்ந்த இடம் அதே அளவுதான் இருக்கிற மாதிரி தெரிந்தது. தூரத்திலிருந்து என்ன தெரியும்.

டிசம்பர் 12

மேடமே அவளிடம் கேட்டு, இறங்கி எண்ணிவிட்டு வந்தார். தூருக்கு ஒன்று. சிலந்தி முப்பத்தாறு. பல சிலந்திகளின் முதுகில் குஞ்சுகள் கூட்டமாக ஏறி உட்கார்ந்திருந்தனவாம்.

டிசம்பர் 15

இந்திராணி வயலுக்கு மேற்கே, முன்பே மருந்தடித்த இரண்டு வயல்களில் மறுபடி புகையான். நடுவில் பெரிய பெரிய வட்டமாகத் தீய்ந்திருக்கிறது. அந்த இரண்டிலும் எண்ணச் சொன்னார் மேடம். நாற்பது குத்துக்குச் சிலந்தி மூன்று.

டிசம்பர் 18

தூருக்கு அரைப் பூச்சிகூட இல்லை என்று மேடம் சொன்னார். இந்திராணி பயிர் பிழைத்தது. மகிழ்ச்சியாக இருக்க வேண்டிய செய்தி. மாட்டைக் குளிப்பாட்டினேன். வைக்கோல் பிரித்துப் போட்டேன்.

டிசம்பர் 21

ஆராய்ச்சி வயலுக்கு இந்திராணி வந்தாள். வரப்பில் ஏறவில்லை. கீழே பாதையில் நின்றபடி பேசினாள்.

"ஒன்ன மன்னிக்க வரல."

"தெரியும்."

"என்கிட்ட சொன்னதோட முடிஞ்சிடாது. பிருந்தாகிட்ட சொல்லணும். நீயே வந்து சொல்லணும்."

எதற்கு அந்தப் பெண்ணையும் என்று ஏதோ சொன்னேன். அவள் குரல் உயரவில்லை.

"அன்னைக்குக் காலைல அவளுக்கும் அவ அப்பாவுக்கும் சண்டை. வெளியூர்க் காலேஜுல சேக்கச் சொல்லி அவ கேட்டா. அவரு வேணாம்னாரு. நீயெல்லாம் ஒரு அப்பனா, இருந்து என்ன பிரயோசனம்னு கேட்டுட்டா. அவரு டீயக்கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போனாரு. அந்த வார்த்தைக்காகத்தான் குடிச்சிட்டாருன்னு ஒரு வருஷமா அந்தப் பொண்ணு நெனச்சுக்கிட்டு இருக்கு. நானும் அப்படித்தான் நெனச்சேன். ஒரு நாள் ஆத்திரத்துல அவ மூஞ்சிக்கு நேரா சொல்லியும்புட்டேன்."

எனக்கு இது தெரியாது. என் பயத்தில் நான் சும்மா இருந்தேன், அது என்னோடு போகும் என்று நினைத்தேன். அந்தப் பெண் தலையில் போய் விழுந்திருக்கிறது.

"இப்பவே வரேன்" என்றேன்.

டிசம்பர் 21, சாயங்காலம்

பிருந்தா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "வாங்க மாமா" என்று எழுந்தாள். உட்கார் என்றேன். நான் நின்றுகொண்டே சொன்னேன். இந்திராணி கதவோரம் நின்றாள்.

சொல்லி முடித்ததும் அவள் கேட்டது இதுதான்: "அப்ப அப்பா குடிக்கலையா?"

"குடிக்கல. ஒரு சொட்டுகூடக் குடிக்கல. சத்தியம்."

"நான் பேசுனதுக்காக இல்லையா?"

"இல்லம்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான், அன்று காலை வயலுக்கு நடந்து போகும்போது நாகமுத்து என்னிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்தது என்று எழுதுவது சரியில்லை. ஒரு நாளும் மறக்கவில்லை. எனக்கு அது ஒரு பெரிய விஷயமாகத் தோன்றாமல் இருந்தது.

"உங்க அப்பா அன்னைக்கு வழியில சொன்னாரு. பொண்ணு கோவிச்சுக்கிட்டா மச்சான், அவ கேக்குறதும் ஞாயம்தான், சாயங்காலம் போயி சரின்னு சொல்லிடப் போறேன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு."

பிருந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். அவளிடமிருந்து வந்த சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. இந்திராணி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். அரிசி தரையெல்லாம் கொட்டிவிட்டது.

கொஞ்சம் அடங்கிய பிறகு நிமிர்ந்து பார்த்து, "இத ஏன் மாமா ஒரு வருஷம் சொல்லாம வச்சிருந்தீங்க?" என்றாள்.

"பயம்மா" என்றேன். வேறு வார்த்தை இல்லை.

அவள் தலையசைத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டிசம்பர் 24

டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நாகமுத்து குடிக்கவில்லை, என் ஓட்டை டேங்க்தான் காரணம் என்று சொன்னேன். ஒருவர் டீயை வைத்துவிட்டு எழுந்து போனார். அவள் போலீசுக்குப் போனாலும் நான் இதையே சொல்வேன் என்று இந்திராணிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

ஜனவரி 13

போகிக்கு முந்தின நாள். கஸ்தூரி ஒட்டடை அடித்தாள். மாட்டுக் கொட்டகையில் மட்டும் விட்டுவிடு, கொசு குறையும் என்றேன். ஐந்து வாரத்துக்குப் பிறகு என்னிடம் பேசினாள். "சரி" என்றாள்.

பிப்ரவரி 2

இந்திராணி வயலில் அறுப்பு. வடக்கு மூலை மட்டும்தான் பதர். மற்றதெல்லாம் கதிர் முற்றி மணி நன்றாக இருக்கிறது என்று மேடம் சொன்னார். நான் போகவில்லை. கூப்பிடவும் இல்லை. இந்திராணி என்னை அண்ணே என்று கூப்பிட்டு நாளாகிவிட்டது. இனிக் கூப்பிடுவாளா என்று தெரியாது. கேட்கிற நிலையில் நான் இல்லை.

பிப்ரவரி 4

பிருந்தா ஆராய்ச்சி வயலுக்கு வந்தாள். ஜூனில் காலேஜுக்கு எழுதிப் போடப் போகிறாளாம். மேடத்திடம் விவரம் கேட்டுக்கொண்டாள். போகும்போது என்னிடம் வந்து நின்றாள். கையில் வெள்ளைத் தாள்.

"அப்பா அன்னைக்குச் சொன்னத இதுல எழுதிக் குடுங்க மாமா. அவர் எப்படிச் சொன்னாரோ அப்படியே."

"எதுக்கும்மா?"

"எனக்கு வேணும்."

வரப்பில் உட்கார்ந்து எழுதினேன். எங்கே நடந்துகொண்டிருந்தோம், எத்தனை மணி இருக்கும், முதலில் என்ன சொன்னார், பிறகு என்ன சொன்னார், எந்த இடத்தில் சிரித்தார். எல்லாம் எட்டு வரிதான் வந்தது. எழுதி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அவள் அதுவரை வெயிலில் நின்றுகொண்டே இருந்தாள். வாங்கி, நின்ற இடத்திலேயே இரண்டு முறை படித்தாள்.

"தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றாள்.

போட்டுக் கொடுத்தேன்.